பெட்டிக்குள் இருந்த பேட்டரி

அந்தக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஐந்தாம் மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. முகத்தில் வட்டமாக ஒரு துளை, முதுகில் இரண்டு கம்பி, தலையில் நான்கு திருகு. துளைக்கு எதிரே பாதரச விளக்கு. துளையில் நிறக் கண்ணாடி ஒன்றைச் செருகி விளக்கைப் போட்டால், உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயில் வெளிச்சம் பட்டு எலக்ட்ரான்கள் துள்ளி வெளியே வரும். மீட்டரில் முள் எழும். குமிழைத் திருப்பி எதிர்ப்பக்கமாக வோல்ட் கொடுக்கக் கொடுக்க அவை தயங்கும், கடைசியில் நின்றுவிடும். முள் சுழியத்தில் போய்ப் படுக்கும். எத்தனை வோல்ட்டில் படுத்தது என்று ஐந்து நிறத்துக்கும் குறித்துக்கொண்டு வரைபடம் போட்டால் சாய்ந்த கோடு ஒன்று வரும். அந்தச் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலி கிடைக்கும். ஒளி பொட்டலம் பொட்டலமாகத்தான் வரும், எந்த நிறத்துக்குப் பொட்டலம் எவ்வளவு கனம் என்று சொல்கிற எண் அது. ஆறு புள்ளி ஆறு; அதற்கு முன்னால் புள்ளி வைத்து முப்பத்துமூன்று சுழியம்.

பதினோரு வருஷமாக அந்த மேசையில் சோதனை செய்தவர்களில் ஒருத்தியைத் தவிர அத்தனை பேருக்கும் ஆறு புள்ளி ஆறு வந்தது. ஆறு புள்ளி ஐந்து வந்தவன் அடக்கமானவன், ஆறு புள்ளி ஏழு வந்தவள் துணிச்சல்காரி. பக்கத்து ஊர்க் கல்லூரிகள் பொறாமைப்படும் அளவுக்கு முடிவு துல்லியம்.

ஒரே ஒரு குறை. பெட்டிக்குள் குழாய் இல்லை. டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரி ஒன்று இருந்தது. அதை வைத்தவள் காந்தம்மா.

காந்தம்மா என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. இருபது வருஷத்துக்கு முன்னால் கூட்டிப் பெருக்க வந்தவள், முதல் வாரத்திலேயே ஆய்வகத் தரையில் குண்டூசியும் திருகும் இரும்புத் தூளும் சிந்திக் கிடப்பதைப் பார்த்தாள். விளக்குமாறு அதை மேசைக்காலிலிருந்து சுவரோரத்துக்குக் குடியேற்றியதே தவிர அள்ளவில்லை. உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து வட்டக் காந்தத்தைக் கழற்றிக் கயிறு கட்டி, நாய்க்குட்டியை நடத்திப் போவதுபோல் மேசைகளுக்கு அடியில் இழுத்துப் போனாள். மாலைக்குள் தரை சுத்தம், பெயரும் ஒட்டிக்கொண்டது.

மெல்ல மெல்லக் கருவிகளை எடுத்து வைக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. எந்த வயர் உள்ளே அறுந்திருக்கிறது, எந்த மீட்டரைத் தட்டினால் பேசும், எதைத் தட்டக் கூடாது என்பதெல்லாம் அவள் விரல்நுனிக்குத் தெரியும். கம்பிச்சுருளுக்கு நடுவே திசைகாட்டியை வைத்து மின்சாரம் ஓடவிட்டால் முள் திரும்புமே, அந்தச் சோதனை இரண்டு வருஷம் யாருக்கும் ஒத்துவரவில்லை. பேராசிரியர்கள் பூமியின் காந்தப்புலத்தையே சந்தேகிக்க ஆரம்பித்தார்கள். "சார், இரும்பு பீரோவை இங்க நகர்த்தி வெச்ச நாள்லேர்ந்துதான் இப்படி," என்றாள் காந்தம்மா. அந்த அறைக்கு அதுவரை வடக்கு என்பது வருகைப் பதிவேடுகள் இருந்த பீரோ. பீரோ போனது, வடக்கு பழைய இடத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் திசைகாட்டி மேசைக்குப் போகும்போது இடுப்புச் சாவிக்கொத்தைக் கதவில் மாட்டிவிட்டுத்தான் போவாள். பேராசிரியர்கள் தங்கள் சாவிகளோடேயே போனார்கள்.

இப்படிப்பட்ட கைக்காரி ஒருநாள் குழாயைக் கீழே போட்டாள். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வருவதற்கு முந்தின நாள். பெட்டியைத் திறந்து தூசு தட்டச் சொல்லியிருந்தார்கள். ஈரத்துணி, வழவழப்பான கண்ணாடி, அதற்குள் யாரோ "காந்தம்மா!" என்று கூப்பிட்ட சத்தம். தரையில் விழுந்தது ஒரு மெல்லிய 'டப்'. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த குழாய் அது. அவள் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம்.

சில்லுகளைத் தாளில் மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். கை சும்மா இருக்கவில்லை. ஒரு பேட்டரி, அதோடு தொடராக ஒரு பெரிய மின்தடை, இரண்டு சொட்டு ஈயப் பற்று. குமிழ் கீழே இருக்கும்போது பேட்டரி முள்ளை எழுப்பும். குமிழின் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டைத் தொட்டதும் இரண்டும் எதிரெதிரே முட்டிக்கொண்டு நிற்க, முள் படுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசலாகக் குழாய். ஒரே ஒரு வித்தியாசம், பேட்டரிக்கு நிறம் தெரியாது. சிவப்போ ஊதாவோ, ஒரே இடத்தில்தான் படுக்கும்.

ஒரு வாரம் தாங்கினால் போதும் என்று நினைத்தாள். யாராவது ஒரே ஒரு மாணவன் உண்மையாகவே அளந்தால் மாட்டிக்கொள்வோம்.

வாரம் போனது. வருஷம் போனது. பழைய மாணவர்களின் பதிவு நோட்டிலிருந்து புது மாணவர்கள் எண்களை எடுத்தார்கள். அவர்கள் நோட்டிலிருந்து அடுத்த வருஷத்தார். ஆறு புள்ளி ஆறு பரம்பரைச் சொத்துபோல் கைமாறியது. மாணவர்கள் மீட்டரை ஒரு மரியாதைக்குப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். காந்தம்மா மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை விடுமுறையில், பேட்டரி கசிந்துவிடாமல் மாற்றிவைத்தாள். அந்த ஆய்வகத்தில் தவறாமல் பராமரிக்கப்பட்ட ஒரே கருவி அதுதான்.

துறைத்தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அநேகமா சார்'. எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று கேட்டாலும், நாளைக்கு வகுப்பு உண்டா என்று கேட்டாலும் "அநேகமா" என்றுதான் தொடங்குவார். அவர் எடுப்பது எதையும் நிகழ்தகவாகவே சொல்லும் குவாண்டம் இயற்பியல் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் வகுப்பெடுக்கும்போது வாசலில் நின்று கேட்டே காந்தம்மா அந்தச் சோதனையின் சங்கதியைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு வெளிச்சத்தை எவ்வளவு அள்ளிக் கொட்டினாலும் எலக்ட்ரான் அசையாது, ஊதா துளி போதும் என்றார் அவர். காந்தம்மாவுக்கு ஆய்வகத்தின் மூன்றாவது ஜன்னல் நினைவுக்கு வந்தது. அது இறுகிப்போன ஜன்னல். நாளெல்லாம் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாலும் திறக்காது, ஒவ்வொரு தட்டலையும் அடுத்த நொடியே மறந்துவிடும். உள்ளங்கையால் ஒரே ஒரு குத்து, திறந்துகொள்ளும். தட்டல்களைச் சேர்த்துவைத்துக் குத்தாக மாற்ற ஜன்னலுக்குத் தெரியாது. எலக்ட்ரானுக்கும் தெரியாது போல.

அப்புறம்தான் டெய்லரம்மா வந்து சேர்ந்தாள்.

முப்பத்தாறு வயது. பதினைந்து வருஷம் தையல் கடை வைத்திருந்தவள். பாதியில் விட்ட படிப்பை முடிக்க வேண்டுமென்று, கடையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுத் தன்னைவிடப் பாதி வயதுப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தாள். பட்டம் கையில் வந்தால் பக்கத்துப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் இடம் அவளுக்கு என்று பேசியாகிவிட்டது. போன வருஷச் செய்முறைத் தேர்வில் சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது ஐந்தாம் மேசை. மற்றவர்கள் விடையிலிருந்து அளவுக்கு வந்தபோது, இவள் அளவிலிருந்து விடைக்குப் போனாள். அளந்தாள், எழுதினாள், கோடு போட்டாள். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சாய்வு சுழியம். தேர்வு அவுட்.

அந்தக் கல்லூரியில் ஒரு விதி. எந்தச் சோதனையில் தோற்றார்களோ அதே சோதனையைத்தான் மறுதேர்விலும் செய்ய வேண்டும். இரண்டாவது தடவையும் போனால் படிப்பு அத்தோடு சரி.

அவள் தோற்ற நாளிலிருந்து காந்தம்மா அந்தப் பெட்டியைத் தொடவில்லை. கோடையில் பேட்டரியையும் மாற்றவில்லை. மறுதேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டெய்லரம்மா பழகிப் பார்க்க வந்தாள்.

"அக்கா, ஒன்னு கேட்கட்டுமா?"

"கேளு. எல்லாத்துக்கும் பதில் எனக்குத் தெரியாது."

"விளக்கு இன்னும் சூடாகல. வெளிச்சமே வரல. முள்ளு மட்டும் ஏறி நிக்குது."

காந்தம்மா மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "பழைய மிஷினு. முன்கூட்டியே எந்திரிச்சிடும்."

"ஆமா, என் மாமியார் மாதிரி." டெய்லரம்மா குமிழைத் திருப்பினாள். "சரி, அதை விடுங்க. போன வருஷம் அஞ்சு கலருக்கும் ஒன்னரைக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. இந்த வருஷம் அஞ்சுக்கும் ஒன்னு புள்ளி நாலு ரெண்டு. தோய்ச்ச துணி மாதிரி சுருங்கியிருக்கு. மாறிலின்னா மாறாம இருக்கணும்லக்கா?"

"இந்தா," என்று காந்தம்மா இடுக்கியிருந்த பதிவு நோட்டு ஒன்றை நீட்டினாள். நாலு கை மாறி அட்டை கிழிந்த நோட்டு. "இதைப் பார்த்து எழுதிடு. எல்லாரும் இதைத்தான் எழுதுறாங்க. ஒருத்தரும் தோத்ததில்ல."

டெய்லரம்மா வாங்கிப் புரட்டினாள். எண்களைப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு தடவை ஒரு ஆளு கோட்டு தைக்க வந்தாருக்கா. இடுப்பு முப்பத்திரண்டுதான், அப்படியே எழுதிக்கன்னு ஒரே அடம். டேப்பு முப்பத்தெட்டு காட்டுது. அவர் சொன்னதையே எழுதிட்டேன். போட்டுப் பார்த்து மூச்சு விட்டாரு பாருங்க, மூனு பட்டன். ஒன்னு எங்க நாத்தனார் நெத்தியில."

"இதுல பட்டனெல்லாம் தெறிக்காதும்மா."

"தெறிக்காதுதான். ஆனா டேப்பு ஒன்னு சொல்ல, கை ஒன்னு எழுத, எனக்கு வரலக்கா. நான் பெரிய நேர்மைக்காரியெல்லாம் இல்ல. பழக்கம். அவ்வளவுதான்."

அவள் போன பிறகு காந்தம்மா பெட்டியின் நான்கு திருகுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாவிக்கொத்தில் திருப்புளி தொங்கியது.

மறுநாள் காலையில் சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பேட்டரி விஷயம் தெரிந்த ஒரே வெளியாள். முதல் வருஷம் பேட்டரி வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"சொல்லிடு," என்றார் தட்டிலிருந்து தலை தூக்காமல்.

"சொன்னா வேலை?"

"போகும். இல்ல, போகாது."

"நல்லா சொன்னீங்க போங்க. எங்க அநேகமா சார்கிட்ட படிச்சீங்களா?"

"லிஃப்ட்டுல பிரேக் எப்படி வேலை செய்யுது தெரியுமா?" அவர் எந்தப் பேச்சையும் லிஃப்ட்டில் ஏற்றித்தான் இறக்குவார். "கரண்ட் இருக்கிற வரைக்கும் காந்தம் பிரேக்கை இழுத்துத் திறந்து வெச்சிருக்கும். கரண்ட் போச்சுன்னா காந்தம் விட்டுடும், ஸ்பிரிங்கு சப்புன்னு பிடிச்சிக்கும். பார்க்கிறவன், கரண்ட் போனா லிஃப்ட் விழுந்துடும்னு பயப்படுறான். அப்பத்தான்டி அது நிக்கவே செய்யும்."

"இதுக்கும் எனக்கும் என்ன?"

"ஒன்னுமில்ல. நீ பதினோரு வருஷமா பிரேக்கைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கே. கை வலிக்கல?"

தேர்வு நாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தொண்டை கட்டிய மனிதர். வாயில் மிட்டாய் ஒன்றை உருட்டிக்கொண்டே பேசினார். நாலு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதை வந்ததும் சொல்லிவிட்டார். அவர் கையில் போன வருஷ விடைத்தாள் கட்டும் இருந்தது. மறுதேர்வு எழுதுவது ஒரே ஆள் என்பதால் அறையில் நால்வர்தான். தேர்வாளர், அநேகமா சார், டெய்லரம்மா, கதவோரம் காந்தம்மா.

டெய்லரம்மா அளந்தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று தடவை. மீட்டருக்கு நேராகக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. எழுதினாள். ஒன்று புள்ளி நாலு இரண்டு. நாலு இரண்டு. நாலு ஒன்று. நாலு இரண்டு. நாலு இரண்டு. அளவுகோலை வைத்துக் கோடு போட்டாள். கொடிக்கயிறு மாதிரி மட்டமாக நின்றது.

தேர்வாளர் தாளைப் பார்த்தார். மிட்டாய் நின்றது.

"இது என்னம்மா?"

"கோடு சார்."

"கோடு தெரியுது. சாய்வு எங்கே?"

"வரல சார்."

"அப்ப பிளாங்க் மாறிலி?"

"சுழியம் சார்."

தேர்வாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சுழியமா இருந்தா என்ன நடந்திருக்கும் தெரியுமா? எலக்ட்ரான் எல்லாம் சுருண்டு போய் அணுக்கருவுக்குள்ள விழுந்திருக்கும். அணு நிக்காது. இந்த மேசை நிக்காது. நான் இங்க உட்கார்ந்திருக்க மாட்டேன். உங்களுக்கு நான் தெரியுறேனா?"

"தெரியுறீங்க சார்."

"அப்ப இது தப்பு."

"நீங்க இருக்கிறது சரிதான் சார்," என்றாள் டெய்லரம்மா. "ஆனா மீட்டர்ல இதுதான் வந்துச்சு."

தேர்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். சிவப்புப் பேனா. அநேகமா சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பேனா தாளைத் தொடுவதற்குள் ஏதாவது நடந்தால் உண்டு. தொட்டுவிட்டால் ஒருத்தியின் படிப்பு முடிந்தது.

காந்தம்மாவே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவள் கால்கள் ஐந்தாம் மேசைக்கு நடந்தன.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள். திருப்புளியை எடுத்து முதல் திருகைக் கழற்றினாள். இரண்டாவதை, மூன்றாவதை. நாலாவது எப்போதும் இறுகலாக இருக்கும். அதற்கு ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று அவளுக்கு மட்டுமே தெரியும். தட்டினாள். மூடியைத் தூக்கினாள்.

நாலு தலைகளும் குனிந்தன. உள்ளே மஞ்சள் உறை போட்ட பேட்டரி ஒன்று, பஞ்சு சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, தொட்டிலில் படுத்த குழந்தைபோல் ஒய்யாரமாகக் கிடந்தது.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

"குழாய் எங்கே?" என்றார் தேர்வாளர்.

"நான் உடைச்சிட்டேன் சார். பதினோரு வருஷம் ஆச்சு."

தேர்வாளர் எழுந்து பக்கத்து மேசையிலிருந்து வோல்ட்மீட்டர் ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தார். முள் ஆடி அடங்கியது. ஒன்று புள்ளி நாலு இரண்டு. டெய்லரம்மாவின் தாளைப் பார்த்தார். திரும்ப மீட்டரைப் பார்த்தார். பிறகு அலமாரியில் அடுக்கியிருந்த பதிவு நோட்டுகளில் ஒன்றை உருவினார். ஆறு புள்ளி ஆறு. இன்னொன்று. ஆறு புள்ளி ஆறு. மூன்றாவதைத் தொடப்போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இந்தப் பேட்டரியிலிருந்தா இவ்வளவு பேரும் பிளாங்க் மாறிலி எடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் அவரே தொடர்ந்தார். "இந்த நோட்டெல்லாம் நான் பார்க்கல. பார்க்காத வரைக்கும் அதுல தப்பும் இல்ல, சரியும் இல்ல. எனக்கு நாலு மணிக்குப் பஸ்."

"அப்ப இவங்களுக்கு மார்க்கு?" என்றார் அநேகமா சார், ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமல்.

அங்கேதான் சிக்கல். இவளைத் தேற வைத்தால் மற்றவர்கள் எப்படித் தேறினார்கள் என்ற கேள்வி வரும். இவளைத் தோற்கடிக்கவோ, கண்ணெதிரே மீட்டர் சாட்சி சொல்லிவிட்டது. இரண்டு அறிஞர்களும் அறை மூலைக்குப் போய்க் கால் மணி நேரம் குசுகுசுத்தார்கள். திரும்பி வந்தபோது தேர்வாளர் முகத்தில் தெளிவு இருந்தது. டெய்லரம்மாவின் தாளில் தலைப்பை அடித்துவிட்டு, அதற்கு மேல் 'உலர் மின்கலத்தின் வோல்ட் அளவைக் காணல்' என்று எழுதினார். அந்தச் சோதனையும் பாடத்திட்டத்தில் இருக்கிறதாம். இருபதுக்குப் பத்தொன்பது.

"ஒரு மார்க் எதுக்கு சார் போச்சு?" என்றாள் டெய்லரம்மா. அளந்து பழகியவள் அல்லவா.

"தலைப்பைத் தப்பா எழுதியிருந்தீங்க," என்றார் தேர்வாளர். மிட்டாயை மறுபடி உருட்டிக்கொண்டு பேருந்துக்குப் போனார்.

காந்தம்மாவுக்கு மறுநாள் கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் பேட்டரி பொருத்தியதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். 'குழாய் உடைந்ததால்' என்று எழுதிக் கொடுத்தாள். பதினோரு வருஷம் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கடிதத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை. தண்டனையாக மூன்று மாதம் நூலகத்துக்கு மாற்றினார்கள். மூன்றாவது வாரமே திரும்பக் கூப்பிட்டார்கள். திசைகாட்டிகள் நாலும் நாலு வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தனவாம். பீரோவை யாரோ மறுபடி திசைகாட்டி மேசையோரம் நகர்த்தியிருந்தார்கள்.

புதுக் குழாயும் வந்தது. இந்தத் தடவை அதைத் துடைக்கும் வேலையை யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் பொருத்தியது அவள்தான். மதிய இடைவேளையில், ஆளில்லாத நேரத்தில், விளக்கைப் போட்டுச் சூடாகும்வரை காத்திருந்து, ஐந்து நிறக் கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகச் செருகினாள். முதல்முறையாக ஐந்து நிறத்துக்கும் முள் ஐந்து இடத்தில் படுத்தது. டெய்லரம்மா கொடுத்துவிட்டுப் போன வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டாள். கோடு சாய்ந்திருந்தது. கணக்கை அநேகமா சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் போட்டுப் பார்த்தார். ஐந்து புள்ளி ஒன்பது.

"ஆறு புள்ளி ஆறு இல்லையா சார்?"

"உண்மையா அளந்தா அநேகமா இப்படித்தான் வரும்."

அவர் தாளை மடித்து, அவளிடம் நீட்டி, நீட்டிய கையோடே நின்றார்.

"காந்தம்மா, நீ கீழ போட்டப்போ அந்தக் குழாய்ல உயிர் இருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னா?"

"புரியல சார்."

"நான் இங்க சேர்ந்த வருஷமே நோட்டுல ஆறு புள்ளி ஆறுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ உடைக்கிறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி. அந்தக் குழாயை யாரும் அளந்து நான் பார்த்ததில்ல. நானும் அளந்ததில்ல."

பதினோரு வருஷமாக அவள் பையின் அடியில் மடித்த தாளுக்குள் சில்லுகள் இருந்தன. அவற்றை எந்த மீட்டரில் வைத்தாலும் இனி ஒன்றும் தெரியாது. செத்ததைக் கீழே போட்டாளா, போட்டதால் செத்ததா?

"அப்ப ஏற்கெனவே போயிருந்துச்சா சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மூன்றாவது ஜன்னல், எப்போதும்போல் இறுகியிருந்தது.

"அநேகமா," என்றார்.

காந்தம்மா அவரை நகரச் சொல்லிவிட்டு, உள்ளங்கையால் ஜன்னலை ஒரு குத்துக் குத்தித் திறந்தாள்.